மருதம்னு சொல்லிக் கொடுத்த கன்னு

மருதக் கன்னு கேட்டு வந்தீங்க, இருக்கு. அந்தா, பச்சை வலைக்குக் கீழ நாலு வரிசை நிக்கிது பாருங்க. எத்தன வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. ஆனா கோடை லீவுல எங்க புள்ளைங்களுக்கு வந்து சொல்லிக் கொடுங்கன்னு கேட்டீங்களே, அது வேணாம். நான் வரமாட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. நர்சரிக்காரன் ரொம்பத்தான் பிகு பண்ணுறான்னு நெனச்சுக்கிட்டுப் போவீங்க. அதுக்கு, விசயத்தச் சொல்லியே அனுப்பிடுறேன். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. வெயில் தாழட்டும். இதை எங்க வீட்டுக்காரிகிட்டகூட நான் முழுசாச் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்லுறேன்னா, நீங்க இனிமே இந்தப் பக்கம் வரப்போறது இல்ல, அதான்.

ஆலவிடுதி தெரியுமா? இங்கேருந்து தெக்கால ஆறு கிலோமீட்டரு. அங்க ஒரு ஹைஸ்கூலு. நான் ஏழாவது வரைக்கும் அங்கதான் படிச்சேன். படிச்சேன்னு என்ன, போனேன். அப்புறம் எங்கப்பா கன்னு போடுற வேலைக்கு இழுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருசம் அந்த வாசல்ல நான் கால் வச்சதில்ல. ரோட்டுல போவேன், வருவேன். உள்ள போக என்ன வேலை இருக்கு எனக்கு?

அங்க மெர்லின் டீச்சர்னு ஒருத்தவங்க மாத்தலாகி வந்தாங்க. அறிவியல் டீச்சர். நாகர்கோவில் பக்கத்து ஆளு. அவங்க ஒரு நாளு ஸ்கூட்டில இங்க வந்து எறங்குனாங்க. கஜா புயல்ல ஆலவிடுதி ஏரிக்கரையில இருந்த மருத மரம் அத்தனையும் சாஞ்சுபோச்சு, கரை மொட்டையா நிக்கிது, மே மாசம் புள்ளைங்கள வச்சு ஒரு முகாம் நடத்தப்போறேன், நம்ம மண்ணு மரத்த அதுங்களே நட்டு, அதுங்களே பாத்துக்கணும், அப்படின்னாங்க. கன்னு நீங்கதான் கொடுக்கணும். அதோட வாரத்துல ரெண்டு நாளு வந்து அதுங்களுக்குச் சொல்லியும் கொடுக்கணும்னாங்க.

நானான்னு கேட்டேன். நீங்கதான் சார்னாங்க.

சார். தம்பி, உங்களுக்கு அது ஒன்னுமில்ல. உங்கள தெனம் நாலு பேரு சார்னு கூப்பிடுவான். என்னைய வைரக்கண்ணுங்கிறவன் பாதி, கன்னுக்காரர்ங்கிறவன் பாதி. மொத மொதலா சார்னு கேட்டது அன்னைக்கித்தான். அன்னைக்கிச் சாயங்காலமே போயி ரெண்டு முழுக்கைச் சட்டை எடுத்தேன். சிரிக்காதீங்க.

முகாம் இருவது நாளு. காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சா பத்தரைக்கெல்லாம் முடிச்சுடுவாங்க, அப்புறம் வெயில் தாங்காது. இருவத்தாறு புள்ளைங்க, எட்டாவது, ஒம்பதாவது. கரையில மண்டிக் கெடந்த சீமைக்கருவ மொளைய வேரோட புடுங்குனுச்சுங்க. இலுப்பை விதைய ஊற வச்சுப் பையில போட்டுச்சுங்க. குழி வெட்டி, தென்னை மட்டைய நறுக்கி, ஈரம் காயாம மண்ணுமேல மூடாக்குப் போடக் கத்துக்கிட்டுச்சுங்க. ஒவ்வொன்னுகிட்டயும் ஒரு நோட்டு. பாக்குற செடியில எல்லாம் ஒரு இலை பறிச்சு ஒட்டி, பக்கத்துல பேரு எழுதணும். எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. நான் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தேன், அதையும் சொல்லணும்ல. வேரு சுருண்டு போன கன்ன எப்படிக் கண்டுபுடிக்கிறது, பைய எப்படிக் கிழிக்கிறது, எவ்வளவு ஆழம் பொதைக்கிறது, அதெல்லாம் எனக்கு அத்துப்படி. புள்ளைங்க வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்கும்.

மொத நாளே டீச்சர் பலகையில ஒன்னு எழுதிப் போட்டாங்க. தெரியாததத் தெரியலன்னு சொல்லணும். அதான் முகாமுக்கு ஒரே சட்டம்னாங்க. ஒரு செடியக் காட்டி இது என்னன்னு கேட்டா, தெரியாத புள்ள தெரியலன்னு சொன்னா கைத்தட்டுவாங்க. சும்மா அடிச்சு விட்டுச்சுன்னா கைத்தட்டு கெடையாது. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வந்துச்சு. தெரியலன்னா யாராச்சும் கைத்தட்டுவாங்களா? நம்ம தொழில்ல வந்தவங்ககிட்டத் தெரியலன்னு சொன்னா, அவன் அடுத்த நர்சரிக்குப் போயிருவான்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

டீச்சர் கேட்டது எறநூத்தம்பது கன்னு. புங்கன், நாவல், இலுப்பை எல்லாம் என்கிட்ட இருந்துச்சு. கரையில நெருக்கி வைக்கிறதுக்கு நூத்தியிருவது மருதம் வேணும்னாங்க. அதுதான் முக்கியம். தண்ணி ஓரத்துல நிக்கிற மரம், கரையப் புடிச்சு வச்சுக்கும். இருக்குன்னு சொல்லிட்டேன். சொன்னப்ப இருந்துச்சு தம்பி. நடுவுல என் மகளுக்கு வளைகாப்புன்னு திருப்பூருக்குப் போயிட்டேன், பத்து நாளு. இங்க தண்ணி ஊத்துனவங்க ஊத்தோ ஊத்துன்னு ஊத்தி, மருதம் அத்தனையும் வேரழுகிப் போச்சு. வந்து பாத்தா கறுத்துப்போயிக் கெடக்குது. கையால இழுத்தா கையோட வருது.

அன்னைக்கே வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி, டீச்சர், மருதம் செத்துப்போச்சு, ஒரு மூணு மாசம் பொறுங்கன்னு சொல்லியிருக்கணும். அவ்வளவுதான். அவங்க ஒன்னும் சொல்லியிருக்க மாட்டாங்க. கைகூடத் தட்டியிருப்பாங்க.

நான் சொல்லல.

கோனோகார்பஸ்னு ஒரு மரம் இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. வெளிநாட்டு மரம். காம்பவுண்டு ஓரத்துல சுவரு மாதிரி வளப்பாங்க. குச்சி வச்சாப் போதும், தொழில்காரனுக்கு லேசு. நானும் ஏகத்துக்குப் போட்டு வச்சிருந்தேன். அப்பத்தான் அது ஆகாது, வேரு போயிக் குழாய ஒடைக்கிது, தண்ணிய உறிஞ்சுதுன்னு சொல்லி ஒவ்வொருத்தரா வேணாம்னாங்க. போணியாகாம அந்தா அந்த மூலையில நின்னுச்சு. சின்னதுல பாத்தா அது இலையும் நீளம், மருதத்து இலையும் நீளம். தெரியாதவங்களுக்குத் தெரியாது.

மரம்னா மரந்தானே. பச்சையா நிக்கப்போவுது, நெழலு தரப்போவுது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அட்டையில மருதம்னு எழுதினதும் நான்தான். மூணு நாளு விட்டு எழுதினேன். கை வரல, அதான் மூணு நாளாச்சு.

நடுற அன்னைக்கி ஊரே வந்துச்சு. கரையில குழி எல்லாம் வெட்டித் தயாரா இருக்குது. நான் வண்டிமேல நின்னுக்கிட்டு ஒவ்வொரு கன்னா எடுத்து, இந்தா மருதம், இந்தா மருதம்னு புள்ளைங்க கையில கொடுக்கிறேன். முழுக்கைச் சட்டை. பஞ்சாயத்துப் பெரசிடெண்டு கீழ நின்னு போட்டோ எடுக்கச் சொல்றாரு. அப்ப ஒரு புள்ள கன்ன வாங்கிட்டு அங்கனையே நின்னுச்சு. நகரல.

அனுசியான்னு பேரு. ஒம்பதாவது. ஒல்லியா, கறுப்பா, எண்ணெய் வழிய ரெட்டை ஜடை. முகாம்ல அதிகமாப் பேசாது. ஆனா தெரியலன்னு சொல்லிக் கைத்தட்டு வாங்குனதுல அதான் மொதல். தெரியும்னு சொன்னாத் தப்பாவும் சொல்லாது.

"சார், இது மருதம் இல்ல சார்"னுச்சு.

மெல்லத்தான் சொன்னுச்சு. எனக்கு மட்டும் கேக்குற மாதிரித்தான். நான்தான் சத்தமாக் கேட்டேன், "என்னது?"

"மருதத்துல இலை எதிரும் புதிருமா ஜோடியா வரும் சார். இதுல மாத்தி மாத்தி வருது. இங்க ஒன்னு, அங்க ஒன்னு."

அது சொன்னது சரி தம்பி. அப்படியே சரி. ஆனா சுத்தி அம்புட்டுப் பேரும் பாக்குறாங்க. பெரசிடெண்டு பாக்குறாரு. டீச்சர் பாக்குறாங்க. நான் சிரிச்சேன்.

"யாரு வீட்டுப் புள்ள நீ?"ன்னு கேட்டேன்.

"அடைக்கலம் மக சார்"னுச்சு. "ஆடு வச்சிருக்கோம்."

எனக்குத் தெரியும் யாரு மகன்னு. தெரிஞ்சுதான் கேட்டேன். அவுங்க கெழக்கால, ஏரி வடிகாலுக்கு அங்கிட்டு இருக்கிறவங்க. நான் அந்த வித்தியாசமெல்லாம் பாக்குறவன் இல்ல, அதச் சொல்லிக்கிறேன். ஆனா வாய் இருக்குல்ல, அது பாத்துச்சு.

"ஆடு மேய்க்கிற கண்ணுக்கு எந்த இலையும் தீனியாத்தான்மா தெரியும்"னேன்.

சிரிச்சாங்க. பெரசிடெண்டு ரொம்பச் சிரிச்சாரு. புள்ளைங்க மொதல்ல சிரிக்கல, பெரியவங்களப் பாத்துட்டுச் சிரிச்சுச்சுங்க. அந்தப் புள்ள கன்ன நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிது. டீச்சர் மட்டும் சிரிக்கல. அவங்க கன்னப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. சின்னக் கன்னு இலை இப்படித்தான் இருக்குமா சார்னு கேட்டாங்க. வளர வளர மாறிக்கும் டீச்சர்னேன். அவங்க என்னைய நம்புனாங்க. முப்பத்தஞ்சு வருசமா கன்னு போடுறவன நம்பாம யார நம்புவாங்க? நம்பிட்டு, அந்தப் புள்ளகிட்ட, "அனுசியா, சார்கிட்ட சாரி சொல்லிடும்மா"ன்னாங்க. கண்டிச்சுச் சொல்லல, பதவிசாத்தான் சொன்னாங்க.

"சாரி சார்"னுச்சு.

சொல்லிட்டுப் போயி, அந்தக் கன்னக் குழியில வச்சு, பையக் கிழிச்சு, மண்ணு ஒடையாம எறக்கி, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே நட்டுச்சு. அன்னைக்கி நட்டதுலயே நேரா நின்னது அதோட கன்னுதான். வேணும்னு நான் போயிப் பாத்தேன். மூடாக்கு எல்லாம் போட்டு, தண்டுல படாம ஒரு சாண் தள்ளி வச்சிருந்துச்சு.

இதோட முடிஞ்சிருந்தா, வாய் தவறிச் சொல்லிட்டேன்னு வச்சுக்கலாம். முடியல.

மறுநாளு நான் வெள்ளனமே போயிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் யாரும் வரல. அந்தப் புள்ள மட்டும் குழாயடியில குடத்த ரொப்பிக்கிட்டு இருந்துச்சு. என்னையப் பாத்ததும் குடத்த வச்சுட்டு, பையில இருந்து நோட்ட எடுத்துக்கிட்டு வந்துச்சு. சண்டைக்கு வரல தம்பி. கணக்குல சந்தேகம் கேக்க வர்ற புள்ள எப்படி வரும், அப்படி வந்துச்சு.

"சார், நீங்க ஒரு தடவ பாருங்க சார்"னு நோட்ட விரிச்சுச்சு.

ஒரு பக்கம் பூரா ரெண்டே ரெண்டு கொப்பு. ஒன்னு, கரையில சாஞ்ச பழைய மருதக் கட்டையில துளிர்த்தது. ஜோடி ஜோடியா இலை. இன்னொன்னு நான் கொடுத்த கன்னுல இருந்து எடுத்தது. டேப்பு போட்டு வரிசையா ஒட்டி, கீழ ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு எழுதியிருக்கு. இதுல எதிர் எதிர். அதுல மாறி மாறி. அதுக்கும் கீழ பேரு எழுதுற எடத்துல, மருதம்னு ஒன்னுக்கு எழுதியிருக்கு. இன்னொன்னுக்கு, தெரியல.

கொடு பாப்போம்னு வாங்குனேன். வாங்கி, டேப்ப உரிச்சேன். ரெண்டு கொப்பையும் எடுத்துக் கசக்கி என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். நோட்ட மூடி அது கையிலயே கொடுத்துட்டு, "போயித் தண்ணி ஊத்துற வேலையப் பாரு"ன்னேன்.

அது நோட்டத் தெறந்து பாத்துச்சு. டேப்பு உரிஞ்ச எடத்துல காகிதம் பிஞ்சு வெள்ளையாத் தெரியுது. அப்புறம், "சரி சார்"னுச்சு.

வேற ரெண்டு இலை பறிச்சு ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? டீச்சர்கிட்டக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அது செய்யல. முந்தின நாளு சாரி சொல்ல வச்சது யாரு? அந்த டீச்சர்தான? அவங்ககிட்ட என்னன்னு போயிக் காட்டும்? அதெல்லாம் நான் அன்னைக்கே யோசிச்சுட்டேன். யோசிச்சுட்டு, இனிமே பயமில்லன்னு நெனச்சேன். அப்படிப்பட்ட ஆளு நான்.

அடுத்த நாள்ல இருந்து அது முகாமுக்கு வரல. உடம்புக்கு முடியலைன்னு யாரோ சொன்னாங்க. ஆட்டுக்கு ஆளில்லைன்னு யாரோ சொன்னாங்க. நான் டீச்சர்கிட்ட, சில புள்ளைங்களுக்கு ஒரு சொல்லு பொறுக்காது டீச்சர்னு வேற சொன்னேன். கடைசி நாளு இருவத்தஞ்சு சர்ட்டிபிகேட்டு. என் கையாலதான் கொடுக்க வச்சாங்க. எனக்கு ஒரு சால்வை போட்டாங்க. பீரோவுல இருக்கு. எடுக்கிறதில்ல.

கன்னு என்னாச்சுன்னு கேக்குறீங்களா? ஜோரா வந்துச்சு. புள்ளைங்க முறை வச்சுத் தண்ணி ஊத்துச்சுங்க. ஒவ்வொன்னும் தன் கன்னுக்கு ஒரு அட்டையில தன் பேர எழுதிக் கட்டிக்கிச்சு. அனுசியா நட்டதுக்கு மட்டும் அட்டை இல்ல. அதுக்கும் யாரோ தண்ணி ஊத்துனாங்க. ஐப்பசி மழையில சடசடன்னு ஏறிப்போச்சு. அடுத்த சித்திரையில ஆள் ஒசரத்துக்கு மேல நின்னுச்சு. பாக்குறவன் எல்லாம், பரவாயில்லப்பா, மருதம் என்னமா வளருதுன்னான். மருதம் அப்படி வளராது தம்பி. பத்து வருசம் ஆகும் அது நிமுந்து நிக்க. அந்த வளத்திதான் என்னையக் காட்டிக் கொடுத்துச்சு.

விவசாயக் காலேஜ்ல இருந்து ஒரு வாத்தியாரு வேற வேலையா வந்தவரு, கரையப் பாத்துட்டு, யாரும்மா இங்க கோனோகார்பஸ் வச்சதுன்னு கேட்டிருக்காரு. டீச்சர் நேரா இங்க வந்துட்டாங்க. நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் நின்னாங்க. உக்காரல.

"உங்களுக்குத் தெரியுமா?"ன்னாங்க.

"ஆளுங்க மாத்தி ஏத்திப்புட்டாங்க டீச்சர், நான் கவனிக்கல"ன்னேன்.

"அன்னைக்கி வண்டிமேல நின்னு ஒவ்வொன்னா எடுத்து மருதம்னு கொடுத்தது நீங்கதான அண்ணே?"

சார் போயி அண்ணே வந்துருச்சு. அவங்க வேணும்னு சொல்லல. தன்னால வந்துச்சு. அவங்க என்னையத் திட்டுவாங்கன்னு பாத்தா, திட்டல. கண்ணு கலங்கிப்போச்சு.

"அந்தப் புள்ளைய நான் சாரி சொல்ல வச்சேன்"னாங்க. "நான் சொல்ல வச்சேன்"னு ரெண்டு தடவ சொல்லிட்டுப் போயிட்டாங்க. இலை கசக்குனது அவங்களுக்கு அப்பவும் தெரியாது. இப்பவும் தெரியாது. அந்தப் புள்ளைக்கும் எனக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு.

எல்லாத்தையும் புடுங்கணும்னு முடிவாச்சு. மே மாசம் அடுத்த முகாம் வந்தப்ப, அதுங்க நட்டத அதுங்களே புடுங்க வேண்டியதாப் போச்சு. என்னையக் கூப்பிடல. நானாக் கடப்பாரையத் தூக்கிக்கிட்டுப் போனேன். இதையும் சொல்லணும்ல, கூப்பிடாமத்தான் போனேன்.

நூத்தியிருவதும் நின்னுச்சு தம்பி. ஒன்னுகூடச் சாகல. என் நர்சரியில நூறு வச்சா பதினஞ்சு செத்துரும். அவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டிருக்குதுங்க. டீச்சர் புள்ளைங்கள உக்கார வச்சுச் சொன்னாங்க, இது நம்ம மரம் இல்ல, எனக்கு அன்னைக்கே சந்தேகம் வந்துச்சு, தெரியலன்னு சொல்லாம விட்டுட்டேன், என் தப்புன்னாங்க. என் பேர எடுக்கல. நான் கடப்பாரைய ஊனிக்கிட்டுப் பின்னால நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடப்பாரையில ஒட்டுன மண்ணத் தட்டி விட்டேன்.

புள்ளைங்க போயி அதுங்க பேரு எழுதுன அட்டைய அவுத்துச்சுங்க. கயிறு தண்டுல பதிஞ்சு போயி அவுக்க வரல. ஒரு பய பல்லால கடிச்சு அவுக்குறான். இன்னொரு புள்ள என்கிட்ட வந்து, "சார், இத எங்கிட்டாச்சும் கொண்டுபோயி வச்சா பொழைக்குமா சார்?"னுச்சு. அதுங்களுக்கு நான் இன்னமும் சார்தான். பொழைக்காதும்மான்னேன். அது அழுதுக்கிட்டே போயி இழுத்துச்சு. வேரு லேசுல வரல.

அப்ப ஏரிக்குள்ள ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அனுசியா குச்சிய ஊனிக்கிட்டு நின்னு பாக்குது. டீச்சர் கரையில இருந்து எறங்கிப் போனாங்க. என்ன பேசுனாங்கன்னு தெரியாது. அது கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசுனாங்க. அது தலைய ஆட்டுச்சு. மேல ஏறி வரல. ஆனா அடுத்த வாரம் முகாமுக்கு வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்.

அதப் பாத்ததும், நம்மளும் போயிடணும்னு ஒரு வேகம் வந்துச்சு. அன்னைக்கிச் சாயங்காலமே அவுங்க வீட்டுக்குப் போனேன். வடிகாலத் தாண்டி அந்தத் தெருவுக்குள்ள நான் போனது அதான் மொதத் தடவ. வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போறேன். தப்பு பண்ணிட்டேம்மா, இலையக் கசக்குனது தப்பு, நீ சொன்னதுதான் சரி. மூணே வரி. மனப்பாடமே ஆயிடுச்சு.

அடைக்கலம் என்னையப் பாத்ததும் பதறிப்போயி எந்திரிச்சாரு. தலைத்துண்ட அவுத்துக் கட்டிலத் தட்டி விட்டாரு. உக்காருங்க, உக்காருங்கன்னு. உக்காந்தேன். அவரு உக்காரல. அவரு சம்சாரம் டீ போட்டுக் கொண்டாந்துச்சு. வாங்கிக் குடிச்சேன் தம்பி, வேணாம்னு சொல்லல. எங்க ஊர்ல எத்தன பேரு குடிப்பான்னு கேட்டுப் பாருங்க. அந்தப் புள்ள கொட்டாய்க்குப் பக்கத்துல ஆட்டுக்குக் கொழை கட்டிக்கிட்டு இருந்துச்சு. திரும்பிப் பாத்துட்டு மறுபடி கட்ட ஆரம்பிச்சுச்சு.

நான் தொண்டையச் செருமுனேன். அதுக்குள்ள அவரு ஆரம்பிச்சுட்டாரு.

"நானே உங்களப் பாக்க வரணும்னு இருந்தேங்க. எப்படி வர்றதுன்னு கூசிக்கிட்டு இருந்துட்டேன். போன வருசம் எம்புள்ள உங்கள எதுத்துப் பேசிருச்சாம், அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி. ஊருல சொன்னாக. எனக்கு மொகத்த வெளிய காட்ட முடியல. மரத்த என்னமோ டீச்சரு தப்பா வச்சுப்புட்டாகளாம், இன்னைக்கிப் புடுங்குனாகளாம். அது அவுக பாடு. ஆனா உங்களப் போயி இது பேசலாமா? நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீக. புள்ளைய மன்னிச்சுப்புடுங்க"ன்னு கையக் கூப்புறாரு.

கும்பிட்ட கையோட நிக்கிறாரு தம்பி. என் வயசுதான் அவருக்கும் இருக்கும்.

இப்ப சொல்லணும். இப்ப சொல்லலைன்னா எப்ப? இல்லங்க, உங்க மக சொன்னதுதான் சரி, நான்தான் பொய் சொன்னேன். அதச் சொல்ல வாயத் தெறந்தேன்.

"அட விடுங்க அடைக்கலம், சின்னப் புள்ளதான, பரவாயில்ல"ன்னேன்.

சத்தியமா இதத்தான் சொன்னேன். மன்னிப்புக் கேக்கப் போனவன் மன்னிச்சுட்டு வந்தேன். அவரு மொகம் அப்படியே தெளிஞ்சுபோச்சு. உங்க பெரிய மனசுன்னாரு. அந்தப் புள்ள கொழை கட்டுறத நிறுத்திட்டு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. கோவமில்ல. கன்னுல இலை எப்படி வருதுன்னு பாக்கும்ல, அப்படிப் பாத்துச்சு. அப்புறம் அவுங்கப்பாகிட்ட, "அப்பா, ஆட்டுக்குத் தண்ணி காட்டணும், நேரமாச்சு"ன்னுச்சு. நான் எந்திரிச்சுட்டேன். நான் எந்திரிக்கட்டும்னுதான் சொன்னுச்சோ என்னமோ.

அதுக்கப்புறம் நான் சும்மா இருக்கல. மழைக்கு முன்னாடி நூத்தியிருவது மருதம், நெச மருதம், அழுகாம நான் கிட்ட இருந்து பாத்து வளத்தது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வச்சேன். காசு வாங்கல. லோடு ஆட்டோக்காரன் ரஃபீக் கையில கொடுத்து விட்டேன். நான் போகல. எனக்கு அன்னைக்கி வேலை இருந்துச்சு. சரி, வேலை இல்ல. போகல.

போயி ரொம்ப நேரங்கழிச்சு ரஃபீக் போன் பண்றான். "அண்ணே, இங்க ஒரு புள்ள கன்ன எறக்க விடமாட்டேங்குது. கேட்டுலயே நிக்க வச்சு, ஒவ்வொன்னா எடுத்து இலையப் புரட்டிப் புரட்டிப் பாக்குது. டீச்சரும் பக்கத்துல நிக்கிறாங்க, ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க. எனக்கு அடுத்த நடை இருக்குண்ணே."

"பாக்கட்டும், நில்லு"ன்னேன்.

மனசுக்கு ஒரு மாதிரி நிம்மதியாக்கூட இருந்துச்சு. பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும், எல்லாம் ஜோடி இலைதான், ஒரு குத்தம் சொல்ல முடியாது, அப்படின்னு இங்க உக்காந்து காத்துக்கிட்டு இருந்தேன். பரீட்சைக்குப் போன புள்ளைக்குக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி.

ரஃபீக் வெயில் சாஞ்சு வந்தான். வண்டியில மூணு கன்னு இருந்துச்சு.

"நூத்திப் பதினேழு எடுத்துக்கிட்டாங்க. இது மூணும் வேற மரமாம். அந்தப் புள்ள சொல்லுச்சு. இலைக்கு அடியில சொணை இருக்காம். உங்ககிட்டக் கொடுத்துடச் சொன்னுச்சு"ன்னு எறக்கி வச்சுட்டுப் போயிட்டான்.

நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். இலை ஜோடியாத்தான் வருது. மருதம் மாதிரியேதான் இருக்கு. அடியில கட்டை விரலால தடவினேன். பொசுபொசுன்னுச்சு. வெல்வெட்டுத் துணி மாதிரி பொடிச் சொணை. அப்பத்தான் புரிஞ்சுச்சு, அது கருமருது. மலையில வர்ற மரம். விதையும் மருதத்து விதை மாதிரியே றெக்கை வச்சிருக்கும். எங்கயோ கலந்து வந்திருக்கு. நாலு மாசமா தெனம் அதுக்குத் தண்ணி ஊத்துனவன் நான். என் கண்ணுக்குப் படல.

இந்தத் தடவ எனக்கு நெசமாவே தெரியாது தம்பி. தெரிஞ்சு செய்யல. போயி அதுகிட்டச் சொல்லிட்டு வந்துருவோம், அம்மாடி, இது தெரியாம நடந்ததுன்னு. சட்டையக்கூட மாட்டுனேன். மாட்டிக்கிட்டு, வண்டிச் சாவியையும் கையில எடுத்துட்டு, அப்புறம் இங்கனையே உக்காந்துட்டேன். தெரிஞ்சு செஞ்சதுக்கு ஒரு வார்த்தை சொல்லாதவன், தெரியாம நடந்ததுக்கு எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போயிச் சொல்லுறது?

இப்ப உங்ககிட்டச் சொல்லுறேன். அந்த மூணு கன்னும் எனக்குத் தெரியாமத்தான் போச்சு. நீங்க நம்புறீங்களா?

பாத்தீங்களா, உடனே பதில் வரல. அதான் தம்பி, வரமாட்டேன்னேன்.